தரகர் வைத்த பச்சைப் புள்ளி

ஆள் எடுக்கும் பிரிவு அதிகாரி போன வாரம் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். இரண்டு மின்னஞ்சல் அமைப்புகளுக்கு நடுவில் கடிதத்தை மாற்றிக் கொடுக்கிற இணைப்பு நிரலை எழுதிப் பராமரிக்க ஓர் ஆள் தேவை, அவருக்கு என்னென்ன திறமை இருக்க வேண்டும் என்று பத்து வரி எழுதிக் கொடுங்கள் என்றார். போன தடவை போட்ட பட்டியல்தான் அந்தத் தாள். இரு அமைப்புகளின் விதிமுறைகளிலும் தேர்ச்சி, முகவரி மாற்றம், எழுத்துரு மாற்றம், தேங்கும் கடிதங்களை வரிசைப்படுத்தல், பிழை கண்டறிதல், கடைசியாக "அனைவருடனும் இணக்கமாகப் பழகும் பண்பு". பழசையே போட்டுவிடலாம், சும்மா ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்றார். பார்த்தேன். கடைசி வரியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் அந்த ஆறு வரியும் இதே வேலையில் இதற்கு முன் இருந்த எங்கள் தரகருக்கு அப்படியே இருந்தன. ஒன்று கூடக் குறையவில்லை. அதுதான் விஷயமே.

நான் நிரல் எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். குணத்துக்கு ஏற்ற வேலை என்று வீட்டில் சொல்வார்கள். பிழைகளைச் சிவப்பு மையில் குறிப்பதால் தரகர் எனக்கு வைத்த பெயர் "டீச்சர்". அவருக்குத் தரகர் என்று பெயர் வைத்தது நான். பதினொரு வருஷம் பக்கத்து மேசை.

எங்கள் ஆஸ்பத்திரி பழையது, பெரியது. எட்டுச் சின்ன மருத்துவமனைகள் வைத்திருந்த ஒரு நிறுவனத்தோடு அதை இணைத்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் சம்மதித்துத்தான் சம்பந்தம் செய்தார்கள், ஆனால் யார் வீட்டுப் பாத்திரத்தையும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்களுடையது கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும் பழைய மின்னஞ்சல். முகவரி எட்டே எழுத்து. அவர்களுடையது படமும் வண்ணமுமாக இருக்கும் புதிய மின்னஞ்சல். எதை வைத்துக்கொள்வது என்று ஏழு கூட்டம் போட்டார்கள். ஏழாவது கூட்டத்தில், இரண்டும் இருக்கட்டும், நடுவில் ஒரு ஆளைப் போடுங்கள் என்று முடிவானது. அப்படி வந்தவர்தான் தரகர்.

அவரைப் போட்டது சரிதான், பொய் சொல்லக் கூடாது. முதல் வருஷத்தில் அவர் பட்ட பாடு மத்தளம் கூடப் பட்டிருக்காது. புதிய பக்கத்து முகவரியில் நீளமான பெயர்கள். எட்டு எழுத்தாக வெட்டினால் நான்கு டாக்டர்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள். எலும்பு டாக்டருக்கு வந்த கடிதத்துக்குப் பல் டாக்டர் மூன்று மாதம் பொறுப்பாகப் பதில் எழுதியிருக்கிறார். புதிய பக்கம் போடும் வளைந்த மேற்கோள் குறிகள் பழைய இயந்திரத்துக்குத் தெரியாது. தெரியாததையெல்லாம் அது கேள்விக்குறியாக மாற்றிவிடும். யாரோ ஒருவர் மரியாதையாக எழுதிய பாராட்டுக் கடிதம் வரிக்கு இரண்டு சந்தேகத்தோடு போய்ச் சேர்ந்தது. பக்கத்துக்கு ஒருவராக இரண்டு அதிகாரிகள் ஒரே நாளில் விடுப்பில் போனார்கள். இருவரும் "நான் விடுப்பில் இருக்கிறேன்" என்று தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் விடுப்பில் இருப்பதாக இவரிடம் சொல்ல, இவர் விடுப்பில் இருப்பதாக அவரிடம் சொல்ல, நான்கு நாளில் நாலாயிரத்துச் சொச்சம் கடிதம். இரண்டு பக்கமும் அவ்வளவு மனம்விட்டுப் பேசியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இதையெல்லாம் தரகர் முகம் சுளிக்காமல் சரிசெய்தார். எந்தப் பக்கத்திலிருந்து யார் தொலைபேசியில் கத்தினாலும், "நம்ம பக்கம்தாங்க தப்பு, பாத்துடறேன்" என்பார். எந்தப் பக்கம் "நம்ம பக்கம்" என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

இந்தச் சாமர்த்தியம் அவருக்கு வீட்டில் கிடைத்தது. கீழ்த்தளத்தில் அவரும் மனைவியும். மாடியில் அவருடைய அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தது அக்காதான். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் அறைக்குப் பத்தொன்பது வருஷமாக அவர்தான் பொறுப்பு. அக்காவும் தரகரின் மனைவியும் ஒருவருக்கொருவர் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. காரணம் தண்ணீர் மோட்டார். யாரோ நிறுத்த மறந்து, மாடித் தொட்டி வழிந்து, காயப் போட்டிருந்த மெத்தையெல்லாம் நனைந்துவிட்டது. மறந்தது யார் என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி.

அந்த ஆறு வருஷமும் படியேறி இறங்கிச் செய்தி கொண்டுபோனவர் தரகர்தான். அவர் மனைவி எனக்கும் சிநேகிதி, அதனால் இரண்டு முனையும் எனக்குத் தெரியும். மாடியில், "அவளுக்குக் கண்ணு இருக்கா இல்லையா, மோட்டார் ஓடறது காதுல விழல?" என்று புறப்படும் வாக்கியம், கீழே வந்து சேரும்போது, "அக்கா மோட்டாரைக் கொஞ்சம் பாத்துக்கச் சொன்னாங்க" என்று ஆகியிருக்கும். கீழேயிருந்து போகும் "முடியாதுன்னு சொல்லுங்க" மேலே போய் "சரின்னுட்டா" என்று ஆகும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணி வைப்பார்கள். இவர் தினம் நாலு பொய் சொல்லி ஒரு மாடிவீட்டை நிற்க வைத்திருந்தார். நல்ல மனுஷர். எனக்குக் கோபம் வந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி அந்தப் புள்ளிக்கு வருகிறேன். புதிய மின்னஞ்சலில் ஒரு வசதி உண்டு. கடிதம் அனுப்பினால், அது பெட்டியில் விழுந்ததும் மஞ்சள் புள்ளி. அவர் திறந்து படித்ததும் பச்சைப் புள்ளி, எத்தனை மணிக்கு என்ற குறிப்போடு. பழைய மின்னஞ்சலுக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. பெட்டியில் விழுந்ததும் ஒரே ஒரு தகவல் அனுப்பும், அவ்வளவுதான். படித்தாரா, கிழித்தாரா என்பது அதன் கவலை இல்லை. தரகர் அதை நேர்மையாக மஞ்சளாகத்தான் காட்டினார்.

மாதாந்தரக் கூட்டத்தில் ஒரு அறிக்கை வரும். புதிய பக்கத்து ஊழியர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு கடிதம் படிக்கிறார்கள், பழைய ஆஸ்பத்திரியில் ஒருவர் கூட ஒன்று கூடப் படிப்பதில்லை என்று அதில் இருக்கும். எங்கள் பக்கத்து நிர்வாகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் துரை. அவர் மூன்று மாதம் பொறுத்தார். நாலாவது மாதம் லிஃப்ட் வாசலில் தரகரைப் பிடித்துக்கொண்டார். மஞ்சளைப் பச்சையாக்கிவிடு, மானம் போகிறது என்றார். எழுத்தில் ஒரு வரி இல்லை. கடிதப் போக்குவரத்துக்கென்றே வைத்த ஆள், அந்த உத்தரவை மட்டும் வாய் வார்த்தையாக வாங்கிக்கொண்டு வந்தார். முடியாது என்று அவருக்குச் சொல்ல வரவில்லை. பிறந்ததிலிருந்தே வரவில்லை.

நான் விடவில்லை. பிழை அறிக்கை நூற்றுப் பதினான்கு: "பச்சைப் புள்ளி பொய் சொல்கிறது. பழைய பக்கத்தில் யாரும் படிக்காமலே படித்ததாகக் காட்டுகிறது." சிவப்பு மையில் இரண்டு கோடு. தரகர் ஒரு கப் டீயோடு என் மேசைக்கு வந்தார்.

"ரெண்டு பக்கமும் சந்தோஷமா இருக்காங்க டீச்சர். இதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

டீ சூடாக இருந்தது. அன்றைக்கு எனக்கு நூற்றுப் பதினைந்தும் நூற்றுப் பதினாறும் பாக்கி இருந்தன. "இரு தரப்பும் திருப்தி" என்று எழுதி அறிக்கையை முடித்து, கீழே கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையெழுத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பழைய ஆஸ்பத்திரி நூற்றுக்கு நூறு படிக்கிறது என்று அறிக்கை வந்தது. துரை தரகருக்குக் கைதட்டி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்.

நான்கு வருஷம் எல்லாரும் பச்சையை நம்பி நிம்மதியாக இருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, புதிய பக்கத்து இயந்திரப் பொறியாளர், அக்காவின் அறைக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இரண்டாம் எண் நீராவி இயந்திரத்தில் வெப்பமானி தப்பாகக் காட்டுகிறது, சரிசெய்யும் வரை பயன்படுத்த வேண்டாம். அனுப்பிய அதே நிமிடத்தில் பச்சை. பொறியாளர் திருப்தியாக அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் அக்கா முதல் இயந்திரத்திலிருந்து கருவி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். முழங்கை வரை கையுறை. அந்த அறையில் யாரும் காலையில் கணினியைத் தொடுவதில்லை, தொட்டால் மறுபடி கை கழுவி, கையுறை மாற்றி, அரை மணி நேரம் போய்விடும். இரண்டாவது சுற்று முடிந்து, மதியம் ஒன்றரைக்குத்தான் கடிதம் பார்ப்பார்கள். அவசரமென்றால் தொலைபேசி வரும். பத்தொன்பது வருஷமாக அதுதான் வழக்கம். அக்கா பதினோரு மணிக்கு இரண்டாம் இயந்திரத்தில் சரக்கை ஏற்றினார். ஒன்றரைக்குக் கடிதத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் இயந்திரத்தை நிறுத்தி, வெளியே போன இருபத்தாறு மூட்டைகளையும் அறை அறையாகப் போய்த் தன் கையால் திருப்பி வாங்கினார். ஒன்றைக் கூட யாரும் பிரித்திருக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின, அவ்வளவுதான். நடந்ததை அவரே எழுதி மேலே அனுப்பினார்.

நல்லது செய்தவருக்குக் கிடைத்தது குற்றப் பத்திரிகை. பத்து பன்னிரண்டுக்கு எச்சரிக்கையைப் படித்ததாகப் பதிவு இருக்கிறது, படித்த பிறகும் பதினோரு மணிக்கு இயந்திரத்தை ஓட்டியிருக்கிறீர்கள், ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது? ஒரு வாரத்தில் விசாரணை. விசாரிப்பவர்கள் இருவர். புதிய பக்கத்திலிருந்து ஒரு பெண் டாக்டர், பழைய பக்கத்திலிருந்து துரை.

அக்கா வீட்டில் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம், படிக்கலை, படிக்கலை என்று. நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தரகரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தப் பச்சையை வைத்தது தான்தான் என்று அக்காவிடம் சொல்லவும் அவருக்குத் தைரியம் இல்லை. கடைசியில் துணிந்து, துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய பக்கத்தில் பச்சை என்றால் படித்ததாக அர்த்தம் இல்லை, நான்தான் அப்படி மாற்றினேன், நீங்கள் சொன்னதும் ஞாபகம் இருக்கும், என் அக்கா மேல் தப்பில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் நாலு பத்தி. திங்கள் பகல் பன்னிரண்டு ஐந்துக்கு அனுப்பினார். வாழ்க்கையில் அவர் எதையும் திரிக்காமல் அனுப்பிய முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் அக்காவிடம், மேலே எழுதியிருக்கேன், படிச்சுட்டாங்க, இனிமே கவலையில்லை என்று சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை. பத்தேமுக்காலுக்கு நான் அவர் மேசையைத் தாண்டிப் போனேன். மனுஷர் நிதானமாக உட்கார்ந்திருந்தார். விசாரணை ரத்தாகிவிட்டதா, துரையிடமிருந்து பதில் வந்ததா என்று கேட்டேன்.

"பதில் வரல டீச்சர். ஆனா படிச்சுட்டாரு. அன்னிக்கே பச்சை காட்டிடுச்சு."

சும்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். துரையின் பெட்டி எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அந்தப் பச்சையை யார் வைத்தது? இரண்டும் அவர் மண்டையில் ஏறப் பத்து எண்ணும் நேரம் பிடித்தது. நாலு வருஷமாக ஊருக்கே காட்டிய பொய்யைத் தானே நம்பி, மூன்று நாள் நிம்மதியாக இருந்திருக்கிறார். இந்தத் தப்பை உலகத்தில் அவர் ஒருவரால்தான் செய்ய முடியும். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கடிதத்தையும் பச்சைப் பதிவையும் அச்செடுத்துக்கொண்டு ஓடினார். நான் நூற்றுப் பதினான்காம் அறிக்கையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அறைக்குள் அக்கா ஒரு ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோடா போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போன கைகள். எங்களைப் பார்த்ததும் துரைக்கு மூக்குக்கு மேல் கோபம். சாட்சிப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே என்றார். தரகர் வாசலிலேயே நின்று பேசினார்.

"மூணு நாளைக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன் சார். அதைப் படிச்சீங்களா?"

"பாக்கறேன். ஆயிரம் வருது."

"நீங்க திங்கக்கிழமை பன்னெண்டு அஞ்சுக்கு அதைப் படிச்சுட்டதா எங்கிட்ட பதிவு இருக்கு சார்."

பெண் டாக்டர் கையை நீட்டித் தாளை வாங்கினார். இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்துபோய், மூலையிலிருந்த கறுப்புத் திரையில் துரையின் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். பழைய மின்னஞ்சலில் திறக்காத கடிதத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். துரையின் பெட்டி முழுக்க நட்சத்திரம். தரகரின் கடிதத்துக்குப் பக்கத்திலும் ஒன்று இருந்தது.

"அப்ப, இந்த அம்மா படிச்சாங்கன்னு சொல்ற பச்சையும் இதே பச்சைதானா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதே பச்சைதான் டாக்டர். நான்தான் வச்சேன்."

யார் வைக்கச் சொன்னது என்று டாக்டர் கேட்கவில்லை. துரையே முந்திக்கொண்டு, நான் எப்போது சொன்னேன் என்றார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதை டாக்டர் குறித்துக்கொண்டார். நான் என் அறிக்கையை மேசைமேல் வைத்தேன். டாக்டர் அதிலிருந்த தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. அக்கா மேல் இருந்த குற்றச்சாட்டை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

வெளியே நடைபாதையில் அக்கா தம்பிக்கு முன்னால் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"மூணு நாளா எங்கிட்ட 'படிச்சுட்டாங்க'ன்னு சொன்னியே. எனக்கும் பச்சைதான் காட்டினியா?"

தரகர் தலையை மட்டும் ஆட்டினார்.

"வீட்டுல, அவ சொன்னா, அவ சொன்னான்னு ஆறு வருஷமா வந்து சொல்றியே. அதெல்லாம்?"

"பாதி என்னோடதுக்கா."

"போன வருஷம் எனக்குக் கால் எலும்பு விரிசல் விட்டப்ப, படியேற வேண்டாம், கீழ் ரூம்ல வந்து படுத்துக்கட்டும்னு அவ சொன்னதா சொன்னியே. அதுவும் உன்னோடதுன்னு நெனைச்சுதான் நான் இறங்கி வரல."

"அது அவ சொன்னதுதான்க்கா. அப்படியே சொன்னேன். அது மட்டும் நான் ஒரு எழுத்து மாத்தல."

அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வேலை போகும் என்று கேட்டபோது அழாதவர், அப்போது அழுதார். ஆறு வருஷத்தில் வந்த ஒரே நிஜமான வார்த்தை, பொய்களோடு பொய்யாகக் குப்பையில் போயிருக்கிறது.

அன்று சாயங்காலம் அக்கா படியிறங்கி வந்து கீழ் வீட்டுக் கதவைத் தட்டியதாகத் தரகரின் மனைவி சொன்னாள். "கால் எலும்பு விட்டப்ப என்னைக் கீழ வரச் சொன்னியா?" என்று கேட்டாராம். "ஆமா சொன்னேன். நீங்கதான் வரமாட்டேன்னுட்டீங்களே. மூணு வாரம் அந்த ரூமைக் காலி பண்ணி வச்சிருந்தேன்" என்றாளாம் இவள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறாள். பத்தே நிமிடத்தில் பேச்சு மோட்டாருக்கு வந்து, இருவரும் நேருக்கு நேர் சண்டை போட்டிருக்கிறார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு சண்டை. நடுவில் ஆள் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்கிறாள்.

எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் அமைப்பை மாற்றியதற்காகத் தரகரை வேலையிலிருந்து நீக்கினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். துரைக்கு ஒன்றும் இல்லை. பச்சையைச் சரிசெய்ய அவகாசம் வேண்டும் என்பதால், அதுவரை எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை போனது: பழைய பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால், கடிதம் படிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே நிமிடத்தில் அறுநூற்று நாற்பது பேரும் அதைப் படித்துவிட்டதாகப் பச்சை காட்டியது.

அதனால் ஆள் எடுக்கும் அதிகாரி கேட்ட பட்டியலை நான் மின்னஞ்சலில் அனுப்பவில்லை. கையால் எழுதி, மூன்று மாடி ஏறிப் போய், என் முன்னாலேயே படியுங்கள் என்று எதிரில் உட்கார்ந்தேன். முதல் ஐந்து வரியை நான் மாற்றவில்லை. ஆறாவது வரியில், இணக்கமாகப் பழகும் பண்பை அடித்துவிட்டு, "முடியாது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன்.

அதிகாரி அதை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உண்மையான அக்கறையோடு என்னிடம் கேட்டார்.

"சரிம்மா. இதுக்கு என்ன சான்றிதழ் கேக்கறது?"